பார்மெனிடீஸ்: "மாற்றம் என்பதே கிடையாது" என்ற வாதம் எந்தப் படியில் உடைகிறது?

#1 தெற்குவாசல்

வணக்கம். பாடக் குறிப்புகளில் பண்டைய கிரேக்க மெய்யியலாளர் பார்மெனிடீஸுக்கு ஒரே வரிதான் ஒதுக்குகிறார்கள்: ஹெராக்ளிட்டஸ் எல்லாம் மாறும் என்றார், இவர் எதுவும் மாறாது என்றார். முடிவைச் சொல்கிறார்கள், வாதத்தைச் சொல்வதில்லை. மூன்று கேள்விகள்:

வாதத்தின் படிகள் என்னென்ன? பிறகு வந்த கிரேக்கர்கள் ஒவ்வொருவரும் எந்தப் படியில் கை வைத்தார்கள்? பார்மெனிடீஸின் சீடர் ஸீனோவின் அக்கிலீஸ் புதிரை (முன்னே புறப்பட்ட ஆமை இருந்த இடத்தை அக்கிலீஸ் அடைவதற்குள் அது சற்று முன்னேறியிருக்கும், எனவே அவன் அதைப் பிடிக்கவே முடியாது) நுண்கணிதம் தீர்த்துவிட்டது என்கிறார்களே, அது சரியா?

#2 நூலேணி

முதலில் மூலத்தின் நிலைமை. பார்மெனிடீஸ் தென் இத்தாலியின் எலேயாக்காரர். எழுதியது ஒரே ஒரு கவிதை, ஹோமர் பாடிய அதே ஆறுசீர் யாப்பில். எஞ்சியிருப்பது ஏறக்குறைய 160 வரிகள், எண்ணிட்ட துண்டுகளாக. வாதத்தின் முதுகெலும்பான 8ஆம் துண்டு நமக்குக் கிடைத்தது சிம்ப்ளிசியஸால். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூலுக்கு உரை எழுதியவர் அவர். மூலநூல் அருகிவிட்டது என்று காரணம் சொல்லியே நீளமாகப் படியெடுத்து வைத்தார். ஆசிரியருக்கும் படியெடுத்தவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு.

இனி வாதம்.

துண்டு 2: தேடலுக்கு இரண்டே வழி. "உளது, இல்லாதிருக்க இயலாது" என்பது ஒன்று. "இல்லை, இல்லாதிருந்தே ஆக வேண்டும்" என்பது மற்றது. இரண்டாவதில் நடக்கவே முடியாது. இல்லாததை அறியவும் முடியாது, சுட்டிக்காட்டவும் முடியாது.

துண்டு 6, 7: பாமரர் போகும் மூன்றாவது வழி. உள்ளதும் இல்லாததும் ஒன்று, ஒன்றல்ல என்று கலந்து பேசும் வழி. அவர்களை "இருதலையர்" என்கிறார். கண்ணையும் காதையும் பழக்கத்தையும் நம்பாதே, வாதத்தை அறிவால் எடைபோடு என்ற கட்டளை 7ஆம் துண்டில்தான் வருகிறது. அறிவுவாதத்தின் பிறப்பிடம் என்று ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

துண்டு 8, வரி 5 முதல் 21 வரை: உள்ளது பிறக்கவில்லை. பிறந்திருந்தால் எதிலிருந்து? இல்லாததிலிருந்து என்று சொல்ல முடியாது, அந்த வழியை முன்பே அடைத்தாயிற்று. இதோடு அவர் நிறுத்தவில்லை. 9, 10ஆம் வரிகளில் இன்னொரு கேள்வி: ஒன்றுமில்லாததிலிருந்து அது தொடங்கியது என்றே வைத்துக்கொள்வோம், முன்னால் தொடங்காமல் பின்னால் தொடங்க எந்தத் தேவை அதை உந்தியது? வெறும் சூனியத்தில் ஒரு நொடிக்கும் மறு நொடிக்கும் வேறுபாடில்லை. ஆகவே காரணமும் இருக்க முடியாது.

வரி 22: உள்ளது எங்கும் ஒரே தன்மையது, எனவே பிரிக்க முடியாதது. வரி 26 முதல்: அசைவற்றது. பிறப்பும் அழிவும் தள்ளுண்டு போனபின் மாற்றத்துக்கு இடமில்லை. ஒன்று மாறுகிறது என்றால் இருந்த ஏதோ ஒன்று இல்லாமல் போக வேண்டும், இல்லாத ஏதோ ஒன்று வர வேண்டும்.

வரி 43இல் வரும் உருண்டையை வைத்து "உலகம் பந்து வடிவம் என்றார்" என எழுதுவது பிழை. பந்தின் திரளைப் போல என்றுதான் வரி சொல்கிறது. எல்லாப் பக்கமும் சமநிறை என்பதற்கு வந்த உவமை அது.

#3 மெய்யெழுத்து

நூலேணி ஐயா படிகளைத் துல்லியமாக வைத்துவிட்டார். உடைப்பு முதல் படியிலேயே இருக்கிறது, அதைத் தமிழில் காட்டுவது எளிது.

துண்டு 2இல் வருவது "எஸ்டின்" என்ற ஒற்றை வினை. எழுவாய் இல்லை. கிரேக்கத்தில் இந்த ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது. "கடவுள் இருக்கிறார்" என்பதில் உள்ள இருப்பு. "சாக்ரடீஸ் மனிதன்" என்பதில் எழுவாயையும் பயனிலையையும் ஒட்டும் பசை. "நீ சொன்னபடிதான் இருக்கிறது" என்பதில் உள்ள மெய்ம்மை. இந்த மூன்றாவதை 1966இல் சார்ல்ஸ் கான் என்ற ஆய்வாளர் அழுத்திக் காட்டினார்.

தமிழுக்கு அந்தப் பசையே தேவையில்லை. "சாக்ரடீஸ் மனிதன்", முடிந்தது. மறுப்பிலும் நம்மிடம் இரண்டு சொல் உண்டு. "குதிரை இல்லை" என்றால் இருப்பை மறுக்கிறோம். "அது குதிரை அன்று" என்றால் தன்மையை மறுக்கிறோம், அங்கே ஏதோ ஒரு விலங்கு நின்றுகொண்டுதான் இருக்கிறது. கிரேக்கம் இரண்டையும் ஒரே "ஊக் எஸ்டின்" ஆகச் சொல்லும்.

இப்போது வாதத்துக்கு வருவோம். "இல்லாததை அறிய முடியாது" என்பது இருப்பை மறுக்கும் "இல்லை"க்குப் பொருந்தலாம். ஆனால் மாற்றத்துக்கு நமக்கு வேண்டியது "அன்று" மட்டும்தான். காய் பழுக்கிறது. நேற்று அது சிவப்பு அன்று, இன்று சிவப்பு. நேற்றும் அங்கே சூனியம் இருக்கவில்லை, பச்சைக் காய் இருந்தது. "சிவப்பு அன்று" என்பதிலிருந்து "இல்லாதது" என்பதற்குத் தாவினால் மட்டுமே எலேயாவின் கதவு சாத்திக்கொள்கிறது.

#4 கரும்பலகை

மெய்யெழுத்து சொன்னது நல்லா இருக்கு, ஆனா ஒரு திருத்தம். இது எழுத்துத் தமிழுக்குத்தான் பொருந்தும். பேச்சுல ரெண்டுக்கும் "இல்ல"தான். "வீட்ல குதிர இல்ல", "அது குதிர இல்ல, கழுத." ஆகவே தமிழ் பேசினாலே பார்மெனிடீஸ்கிட்ட மாட்டமாட்டோம்னு சொல்ல முடியாது. பேச்சுத் தமிழ்லயும் அதே பொறியை வைக்கலாம்.

#5 மெய்யெழுத்து

ஏற்கிறேன், நல்ல திருத்தம். நான் சொல்ல வந்தது மொழிப் பெருமை இல்லை. வேறுபாட்டைக் காட்ட ஒரு கருவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் எதிர்த்திசையில் உதவும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "உண்மை" என்ற சொல்லே உள் + மை. பழைய வழக்கில் இருப்புக்கு உண்மை என்றும் இல்லாமைக்கு இன்மை என்றும் பெயர். இருப்பும் மெய்ம்மையும் ஒரே சொல்லில் கூடுவது நமக்கு அந்நியமில்லை. பார்மெனிடீஸ் தன் முதல் பகுதியை மெய்ம்மையின் வழி என்றும், அதன் பொருள் "உள்ளது" என்றும் ஏன் சேர்த்துச் சொல்கிறார் என்பதை ஒரு தமிழ் வாசகர் சட்டென்று பிடித்துக்கொள்ளலாம்.

#6 நூலேணி

இந்த "அன்று / இல்லை" வேறுபாட்டைத்தான் பிளேட்டோ "சோஃபிஸ்ட்" உரையாடலில் பெரும் பாடுபட்டு உருவாக்குகிறார். பேசுபவர் எலேயாவிலிருந்து வந்த ஒரு விருந்தினர். தன் தந்தை பார்மெனிடீஸின் கூற்றைச் சோதிக்கப் போகிறேன், என்னைத் தந்தையைக் கொன்றவன் என்று நினைத்துவிடாதே என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறார் (பதிப்புகளின் ஓரத்தில் வரும் பக்க எண் 241). தீர்வு 257இல்: "பெரியது அன்று" என்று சொன்னால் சிறியது என்று மட்டுமா பொருள்? சமமானது என்றும் இருக்கலாம். ஆக, மறுப்பு ஒன்றின் எதிரியைச் சுட்டுவதில்லை, அதிலிருந்து வேறானதைச் சுட்டுகிறது. இல்லாதது என்பது வேறானது.

பொய்யும் இதே சாவியால் திறக்கிறது. "தியேட்டீட்டஸ் பறக்கிறான்" என்ற வாக்கியம் ஒன்றுமில்லாததைப் பேசவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் தியேட்டீட்டஸைப் பற்றி, அவனுக்கு உள்ளவற்றிலிருந்து வேறான ஒன்றைச் சொல்கிறது. அதற்கு முன் வரை, பொய் சொல்வதே சாத்தியமில்லை என்று வாதிட ஒருவர் பார்மெனிடீஸை ஆயுதமாக எடுக்க முடிந்தது. பிளேட்டோவுக்கு அவசரம் அங்கேதான்.

அரிஸ்டாட்டில் அடிப்பது வேறு படி. இயற்பியல் முதல் நூலின் 7, 8ஆம் அதிகாரங்கள். இசை தெரியாத மனிதன் இசை தெரிந்தவன் ஆகிறான். இதில் மூன்றைப் பிரிக்க வேண்டும்: முன்பும் பின்பும் இருக்கும் மனிதன், போன இன்மை (இசை தெரியாமை), வந்த தன்மை (இசை தெரிதல்). இல்லாததிலிருந்து வந்ததா, உள்ளதிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு: ஒரு மருத்துவர் வீடு கட்டுகிறார். மருத்துவர் என்ற முறையில் கட்டவில்லை, கொத்தனார் என்ற முறையில் கட்டுகிறார். அதுபோல இல்லாததிலிருந்து ஒன்று வருகிறது, ஆனால் இல்லாதது என்ற முறையில் வரவில்லை. பார்மெனிடீஸின் இருபக்கக் கிடுக்கி இங்கே விரிந்துவிடுகிறது.

#7 கரும்பலகை

ஸீனோ கேள்விக்கு நான் வர்றேன். எண் போட்டுப் பாத்துடலாம். ஆமைக்கு 100 மீட்டர் முன்தொடக்கம். அக்கிலீஸ் நொடிக்கு 10 மீட்டர், ஆமை நொடிக்கு 1 மீட்டர். முதல் 100 மீட்டருக்கு 10 நொடி, அதுக்குள்ள ஆமை 10 மீட்டர் போயிருக்கும். அந்த 10க்கு 1 நொடி, ஆமை இன்னும் 1 மீட்டர். அடுத்து 0.1 நொடி. நேரங்களைக் கூட்டினா 10 + 1 + 0.1 + 0.01… இந்தத் தொடர் 100/9 நொடியில, அதாவது 11.11… நொடியில ஒருங்குது. தூரம் 111.11… மீட்டர். முடிவில்லாத படிகள், முடிவுள்ள நேரம். 1821ல கணிதவியலாளர் கோஷி எல்லை மதிப்புக்குச் சரியான வரையறை குடுத்ததும் கணக்கு கச்சிதமாயிடுச்சு.

#8 நூலேணி

கணக்கு சரி. ஆனால் புதிர் "எத்தனை நொடியில் பிடிப்பான்" என்பதாக இருந்திருந்தால் கிரேக்கர்களே பிடித்திருப்பார்கள். வேகங்களின் வேறுபாட்டால் முன்தொடக்கத்தை வகுத்தால் போதும். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அரிஸ்டாட்டில் தன் வாசகத்தில் (இயற்பியல் 6ஆம் நூல், 9ஆம் அதிகாரம்) ஆமையைக் குறிப்பிடவே இல்லை. "மிக மெதுவானது" என்றுதான் சொல்கிறார். ஆமை பின்னால் வந்த உரைகாரர்கள் வழியாக நுழைந்தது.

இரண்டு, கரும்பலகையின் பதிலுக்கு அடித்தளமான யோசனையை அரிஸ்டாட்டிலே முதலில் சொன்னார்: தூரம் எப்படிப் பிரிகிறதோ அப்படியே நேரமும் பிரிகிறது. பிறகு 8ஆம் நூலின் 8ஆம் அதிகாரத்தில் தானே அதைப் போதாது என்கிறார். கேட்டவனுக்கு அந்தப் பதில் போதும், விஷயத்துக்குப் போதாது என்பது அவர் கருத்து. காரணம்: தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எடுத்து, அதன் முடிவில்லாத பாதிகளை ஒவ்வொன்றாகக் கடந்து முடிப்பது எப்படி என்று கேட்டால் பழைய பதில் நிற்காது. அவருடைய இரண்டாவது பதில், அந்தப் பாதிப்புள்ளிகள் கோட்டில் உண்மையில் குறிக்கப்பட்டுக் கிடக்கவில்லை என்பது. ஓடுபவன் ஒரு புள்ளியில் நின்று மீண்டும் புறப்பட்டால்தான் அது நடப்பில் புள்ளி. தொடர்ந்து ஓடுபவனுக்கு அவை ஆற்றலளவில், அதாவது குறிக்கக்கூடியவையாக மட்டுமே உள்ளன.

கோஷியின் வரையறை, தொடரின் கூட்டுத்தொகை என்றால் என்ன என்று சொல்கிறது. முடிவில்லாத செயல்களை ஒருவர் செய்து முடிப்பது என்றால் என்ன என்பது தனிக் கேள்வி. 1954இல் தாம்சன் என்ற மெய்யியலாளர் வைத்த விளக்குப் புதிர் அதைத்தான் கேட்டது: 1 நிமிடத்தில் போடு, அடுத்த அரை நிமிடத்தில் அணை, அடுத்த கால் நிமிடத்தில் போடு… 2 நிமிட முடிவில் விளக்கு எரியுமா, எரியாதா? நேரங்களின் தொகை 2 என்று ஒருங்குகிறது. விளக்கின் நிலைக்கு மட்டும் விடை வரவில்லை.

#9 தெற்குவாசல்

நன்றி, இது எனக்குப் புதிது. ஸீனோவின் நான்காவது புதிரான ஓட்டப்பந்தயத் திடல் பற்றி ஒரே ஒரு படமாவது காட்ட முடியுமா? படித்த விளக்கம் எதுவும் பிடிபடவில்லை.

#10 கரும்பலகை

தாள்ல மூணு வரிசை போடுங்க. ஒவ்வொண்ணுலயும் நாலு கட்டை. அ வரிசை நிக்குது. க வரிசை வலப்பக்கம் போகுது, ச வரிசை அதே வேகத்துல இடப்பக்கம் போகுது. தொடக்க நிலை:

அ1 அ2 அ3 அ4 நடுவுல.
க வரிசையோட முன்கட்டை அ2க்கு நேர் கீழ, மத்த மூணும் அதுக்குப் பின்னால, இடப்பக்கம்.
ச வரிசையோட முன்கட்டை அ3க்கு நேர் கீழ, மத்த மூணும் வலப்பக்கம்.

மூணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நேரா வர்ற வரைக்கும் நகர்த்துங்க. க வரிசையோட முன்கட்டை இப்ப அ4க்குக் கீழ. அது கடந்த அ கட்டைகள் 2. அதே நேரத்துல கடந்த ச கட்டைகள் 4. எல்லாக் கட்டையும் ஒரே நீளம். ஒரு கட்டையைக் கடக்க ஒரே நேரம்தான் ஆகும்னு வச்சா, 2 கட்டை நேரமும் 4 கட்டை நேரமும் சமம்னு வருது. பாதியும் முழுசும் ஒண்ணு.

அரிஸ்டாட்டில் பதில்: நிக்கிற கட்டையைக் கடக்குறதுக்கும் எதிர்ல வர்ற கட்டையைக் கடக்குறதுக்கும் ஒரே நேரம்னு எடுத்ததே தப்பு. பஸ்ல போறவங்களுக்கு இது கண்கூடு. ஆனா நேரத்துக்கு மேல பிரிக்க முடியாத ஒரு சின்னத் துணுக்கு இருக்குன்னு ஒருத்தர் நம்பினா இந்தப் புதிருக்குப் பல் முளைச்சுடும். ஒரு துணுக்குல க வரிசை ஒரு அ கட்டையைக் கடந்தா, ரெண்டு ச கட்டையைக் கடந்திருக்கும். அப்ப முதல் ச கட்டையை எப்ப கடந்துச்சு? அரைத் துணுக்குல. பிரிக்க முடியாதது பிரிஞ்சுபோச்சு. ஸீனோ இதைத்தான் குறி வச்சாரான்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போடுறாங்க, ஆனா வாதமா இது பலமான வடிவம்.

#11 மெய்யெழுத்து

பிளேட்டோவுக்கு முன்பே தாக்கியவர்களை விட்டுவிடக் கூடாது.

சிசிலியின் லியோன்டினியிலிருந்து கி.மு. 427இல் தூதராக ஏதென்ஸ் வந்த கோர்கியாஸ், எலேயாவின் முறையையே எடுத்து மூன்று முடிவுக்குப் போனார். எதுவும் இல்லை. இருந்தாலும் அறிய முடியாது. அறிந்தாலும் இன்னொருவருக்குச் சொல்ல முடியாது. மூன்றாவதுதான் ஆழமானது என்பது என் எண்ணம். கண்ணால் காண்பது நிறம், காது கேட்பது ஒலி. நான் பேசும்போது உன்னிடம் வந்து சேர்வது சொல்தான், நிறம் வந்து சேரவில்லை. நினைப்பும் இருப்பும் சொல்லும் ஒன்றோடொன்று பொருந்தியே தீரும் என்ற பார்மெனிடீஸின் நம்பிக்கையை இது அடியோடு பிடுங்குகிறது.

அடுத்து அணுவாதிகள். இவர்களைப் புரிந்துகொள்ள நடுவில் மெலிசஸ் வேண்டும். சாமோஸ் தீவின் கடற்படையை நடத்தி கி.மு. 441இல் ஏதென்ஸாரைத் தோற்கடித்தவர். இவர் எலேயா வாதத்தைத் தெளிந்த உரைநடையில் எழுதி, ஒரு புதிய படி சேர்த்தார்: அசைவுக்கு வெற்றிடம் வேண்டும், வெற்றிடம் என்பது ஒன்றுமில்லாதது, ஒன்றுமில்லாதது இருக்க முடியாது, எனவே அசைவு இல்லை. கூடவே ஒரு சவாலும்: பல பொருள்கள் இருந்தால், ஒவ்வொன்றும் நான் சொல்லும் அந்த ஒன்றைப் போலவே மாறாததாக இருக்க வேண்டும்.

லூசிப்பஸும் டெமாக்ரிடஸும் அந்தச் சவாலை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஆம், ஒவ்வொன்றும் மாறாதது, பிறவாதது, உட்பிளவு இல்லாதது, அதன் பெயர் அணு. வெற்றிடம் இல்லாததுதான், ஆனால் அதுவும் உள்ளதே. இதற்கு டெமாக்ரிடஸ் ஒரு சொல்லையே வெட்டி எடுத்தார். "மேடென்" என்றால் ஒன்றுகூட இல்லை. அது "கூட இல்லை" (மேடெ) + "ஒன்று" (ஹென்) என்ற சேர்க்கை. அதைப் பொருந்தாத இடத்தில் வெட்டி முன்பாதியை எறிந்துவிட்டு "டென்" என்று வைத்தார். மேடெனை விட டென் எள்ளளவும் கூடுதலாக இருந்துவிடவில்லை என்பது அவர் கூற்று.

#12 தெற்குவாசல்

அப்படியானால் அணுவாதியும் புலன்களைத் தள்ளுகிறவர்தானே? அணுவைக் கண்ணால் பார்க்க முடியாதே.

#13 மெய்யெழுத்து

சரியான கேள்வி, டெமாக்ரிடஸுக்கே அது உறுத்தியது. "வழக்கில் இனிப்பு, வழக்கில் கசப்பு, வழக்கில் நிறம், மெய்யில் அணுக்களும் வெற்றிடமும்" என்று அறிவு பேசுகிறது. மருத்துவர் காலென் காப்பாற்றிக் கொடுத்த 125ஆம் துண்டில் புலன்கள் அதற்குத் திருப்பிச் சொல்கின்றன: பாவப்பட்ட அறிவே, உனக்குச் சான்றெல்லாம் எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு எங்களையே வீழ்த்தப் பார்க்கிறாயா? எங்கள் வீழ்ச்சி உன் வீழ்ச்சி.

அறிவுவாதத்தின் மேல் எழுதப்பட்ட விமர்சனங்களில் எனக்குத் தெரிந்து இதைவிடக் கூர்மையானது இல்லை. அதை எழுதியவர் எதிர்முகாமில் இருந்தவரும் அல்லர்.

#14 நூலேணி

பிளேட்டோ தரப்பு இதற்கு என்ன சொல்லும் என்பதற்கு அவருடைய "மேனோ" உரையாடலைத் திறக்கலாம் (82 முதல் 85 வரை). அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் ஒரு கணக்குக் கேட்கிறார்: 2 அடிப் பக்கமுள்ள சதுரம், பரப்பு 4. இரட்டைப் பரப்பு, 8 வேண்டும். பக்கத்தை இரட்டித்து 4 என்கிறான், பரப்பு 16 ஆகிவிடுகிறது. பிறகு 3 என்கிறான், 9. கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் எழுப்பிய சதுரம்தான் 8. இந்த நீளத்தை முழு எண்ணாலோ பின்னத்தாலோ சொல்ல முடியாது. அதனால்தான் சாக்ரடீஸ் "எண்ணிச் சொல்ல விருப்பமில்லையென்றால் எந்தக் கோடு என்று காட்டு" என்கிறார். புலன் படத்தைத் தந்தது, ஆனால் ஏன் 8 என்பதை எந்தக் கோலாலும் அளந்து பெற முடியாது. இது வலுவான பதில். ஆனால் கணிதத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

#15 ஈரோட்டுத்தறி

குறுக்கே ஒரு கேள்வி. சித்தாந்தத்தில் "உள்ளது போகாது, இல்லது வாராது" என்கிறார்களே, சற்காரியவாதம். இதுவும் பார்மெனிடீஸும் ஒன்றுதானா?

#16 நூலேணி

தொடங்கும் இடம் ஒன்று, முடிவு நேர் எதிர். சற்காரியவாதத்தில் காரியம் காரணத்துக்குள் நுண்ணிய நிலையில் ஏற்கெனவே இருக்கிறது. மண்ணில் குடம், விதையில் மரம். ஆகவே மாற்றம் உண்மையானது, மறைந்திருந்தது வெளிப்படுகிறது. பார்மெனிடீஸ் அந்த "மறைந்து, வெளிப்பட்டு" என்பதையும் விடமாட்டார். வெளிப்பாடு முன்பு இல்லையே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். கிரேக்கத்தில் சற்காரியத்துக்கு அருகில் நிற்பவர் அனாக்ஸகோரஸ்: எல்லாவற்றிலும் எல்லாவற்றின் பங்கும் உண்டு. சோற்றிலிருந்து முடி வளர்கிறதென்றால் சோற்றிலேயே முடி கலந்திருக்கிறது என்பது அவர் வழி. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஒரே முட்டுக்கட்டையை இரண்டு இடத்தில் சந்தித்திருக்கிறார்கள்.

#17 தெற்குவாசல்

கடைசியாக ஒன்று. எல்லாம் ஒன்று, அசைவற்றது என்று சொன்னவர் கவிதையின் பின்பகுதியில் நட்சத்திரம், நிலா, கருவுறுதல் எல்லாம் பேசுகிறாரே? நம்பக் கூடாத கருத்துக்கு அவ்வளவு உழைப்பு ஏன்?

#18 நூலேணி

8ஆம் துண்டின் 50 முதல் 52 வரை உள்ள வரிகளில், கவிதை முழுதும் அவருக்கு உபதேசிக்கும் தேவி சொல்கிறாள்: நம்பத்தக்க பேச்சு இங்கே முடிந்தது, இனி வருவது என் சொற்களின் ஏமாற்றும் அடுக்கு. உடனே, மற்ற மனிதர் எவரும் உன்னை முந்திவிடாதபடி சொல்கிறேன் என்றும் சொல்கிறாள் (வரி 61). தோற்ற உலகத்தைப் பற்றிப் பேசுவதானால் அதிலும் சிறந்ததைப் பேசு என்று எடுத்துக்கொள்வதே எனக்குப் பொருந்துகிறது. அந்தப் பகுதி சரக்கில்லாததும் அன்று.

14ஆம் துண்டு ஒரே வரி. நிலாவைப் பற்றியது: இரவில் ஒளிர்வது, பூமியைச் சுற்றி அலைவது, அந்நிய ஒளி. 15ஆம் துண்டில் அது எப்போதும் சூரியக் கதிர்களை நோக்கியே பார்த்துக்கொண்டிருக்கிறது. நிலாவின் ஒளி இரவல் என்பதற்கு நமக்குக் கிடைத்த மிகப் பழைய கிரேக்கச் சான்றுகளில் இது ஒன்று. "அந்நிய ஒளி"க்கு அவர் போட்ட சொற்கள் "அல்லோட்ரியோன் ஃபோஸ்". ஹோமரில் "அல்லோட்ரியோஸ் ஃபோஸ்" என்றால் அந்நிய ஆள், வேற்றூரான். மனிதனுக்கும் ஒளிக்கும் அந்த மொழியில் எழுத்து ஒன்று, அழுத்தம் மட்டும் வேறு. ஹோமரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்த வரியில் நிலா பூமியைச் சுற்றித் திரியும் ஒரு வழிப்போக்கனாகவும் கேட்டிருக்கும்.